முடி, பல், வேர்வை

முடி இல்லாத நாய்களுக்குப் பல்லும் ஒழுங்காக இருப்பதில்லை என்ற தகவல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தில் வருகிறது. ஆண்டு 1859. அதற்குப் பக்கத்திலேயே இன்னும் சில தகவல்கள்: நீலக் கண் கொண்ட வெள்ளைப் பூனைகளுக்குக் காது கேட்காது, காலில் இறகு முளைத்த புறாக்களுக்கு வெளிவிரல்களின் நடுவே தோல் இருக்கும். நாய் வளர்ப்பவர்களும் புறா வளர்ப்பவர்களும் கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்த விஷயங்கள் இவை. டார்வின் அவற்றைச் சேகரித்து வரிசையாக அடுக்குகிறார். உடலில் ஒன்று மாறும்போது அதோடு சேர்ந்து இன்னொன்றும் மாறுகிறது, காரணம் மர்மமாகவே இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த மாதிரி ஒரு தகவலைக் கண்டால் எங்கள் தொழிலில் சும்மா விட மாட்டார்கள். ஒரு செயலியில் பணம் செலுத்தும் பக்கமும் முகவரி மாற்றும் பக்கமும் ஒரே நாளில் உடைகின்றன என்று வையுங்கள். ரெண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதியிருக்கலாம். ஆனாலும் அடியில் எங்கேயோ ரெண்டும் ஒரே துண்டு நிரலை நம்பி நிற்கின்றன என்றுதான் முதலில் தோன்றும். முடியும் பல்லும் சேர்ந்தே கெட்டுப்போகின்றன என்றால், அடியில் இருக்கும் அந்தப் பொதுத் துண்டு எது?

நாய்களைப் பொறுத்தவரை இதற்கு விடை கிடைத்தது 2008இல். சுமார் 150 ஆண்டுகள். இடையில் நடந்தவை ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் நடந்தவை அல்ல. சிந்து மாகாணத்துக் குடும்பம் ஒன்று வருகிறது. இலங்கையின் பெயர் தாங்கிய நாய்கள் வருகின்றன. 'தூய இனம்' என்ற சொல்லில் மயங்கிக் கிடந்த ஒரு ஜெர்மானியப் பேராசிரியரும் வருகிறார்.

சிந்துவின் பத்து ஆண்கள்

டார்வின் 1868இல் இன்னொரு பெரிய நூலை வெளியிட்டார். வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றி இரண்டு தொகுதிகள். அதன் இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தபோது சிந்துவில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றிய குறிப்பு அதில் இடம்பெற்றது. வெடர்பர்ன் என்பவர் அனுப்பிய தகவல் அது. நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டையும் சேர்த்து ஆளுக்கு நான்கு சிறிய, வலுவற்ற வெட்டுப்பற்களும் எட்டுக் கடைவாய்ப்பற்களும்தான். உடம்பில் முடி மிகக் குறைவு. இளவயதிலேயே வழுக்கை. வெயில் காலம் வந்தால் தோல் காய்ந்து மிகவும் அவதிப்பட்டார்கள்.

இதே குறிப்பில் இன்னொன்றும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பெண்களில் ஒருவருக்கும் இந்தக் குறை இல்லை. ஆனால் அவர்கள் பெற்ற ஆண்பிள்ளைகளுக்கு வந்தது. எக்ஸ் குரோமோசோம் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலத்தில், அதன் வழியாகக் கடத்தப்படும் நோயின் முழு வடிவமும் இப்படிப் பதிவாகிவிட்டது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானால் இன்னொன்று பெருமளவுக்குத் தாங்கிவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

இந்தக் குடும்பத்தையும் முடியில்லா நாய்களையும் ஒரே வாதத்துக்குள் டார்வின் கொண்டுவந்தது சரியான பார்வைதான். ஆனால் அந்தக் குறிப்பில் நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு: 'வெயில் காலத்தில் அவதி'. சிந்துவின் கோடை சாதாரணக் கோடை இல்லை. அந்த ஆண்களுக்குத் தோல் காய்ந்ததன் காரணம், அவர்களுக்கு வேர்வைச் சுரப்பிகள் சரியாக உருவாகவில்லை என்பது. வேர்க்காத உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. இந்த நோய் உள்ள கைக்குழந்தைகளுக்கு உடல்சூடு உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறிவிடலாம். அந்தக் குடும்பத்தில் வளர்ந்து ஆளாகி எண்ணிக்கைக்குள் வந்த பத்துப் பேரைத்தான் நமக்குத் தெரியும். அதற்கு முன்பே போய்விட்ட பிள்ளைகள் இருந்தார்களா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

1921இல் கே. ஐ. தடானி என்ற சிந்துக்காரர், பல் இல்லாத இந்த மனிதர்களைப் பற்றி மரபியல் இதழ் ஒன்றில் எழுதினார். 1934இல் மறுபடியும் எழுதினார். உள்ளூரில் அவர்களை 'பூதா' என்று அழைத்தார்கள் என்ற தகவல் அவர் வழியாகத்தான் வெளியே வந்தது. டார்வினுக்கு அது ஒரு சான்று. ஊருக்கு அது ஒரு பட்டப்பெயர்.

ஜேனாவின் மண்டையோடுகள்

ஜெர்மனியின் ஜேனா பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் ஹெக்கலுக்குப் பிறகு விலங்கியல் பேராசிரியராக வந்தவர் லுட்விக் பிளாட்டே. 'இலங்கை நிர்வாண நாய்' என்று அவர் அழைத்த முடியில்லா நாய்களை டாக்ஸ்ஹுண்ட் என்ற குட்டைக்கால் நாய்களுடன் இனக்கலப்பு செய்து, ஒவ்வோர் ஈற்றிலும் பிறந்த குட்டிகளில் எத்தனைக்கு முடி, எத்தனைக்கு இல்லை என்று கணக்கு வைத்தார். 1930இல் அந்த ஆய்வு வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் லெத்தார் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியரும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கு விசித்திரமானது. முடியில்லாத நாயை முடியில்லாத நாயோடே சேர்த்தாலும் முடியுள்ள குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன. பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் முடி இருக்காது. பள்ளியில் படித்த மெண்டல் விகிதத்தை நினைவுபடுத்திக்கொண்டால் இது எங்கிருந்து வருகிறது என்று புரியும். நான்கு கருக்கள் உருவானால் ஒன்றுக்கு மாறிய மரபணு இல்லை, முடியோடு பிறக்கும். இரண்டுக்கு ஒரு பிரதி மாறியது, ஒரு பிரதி நல்லது, முடியில்லாமல் பிறக்கும். நான்காவதுக்கு இரண்டு பிரதிகளும் மாறியவை. அது பிறப்பதே இல்லை. கருவிலேயே இறந்துவிடுகிறது.

அதாவது முடியில்லா நாய்களில் 'தூய' நாய் என்று ஒன்று இருக்கவே முடியாது. உயிரோடு இருக்கும் ஒவ்வொன்றும் கலப்புதான். அந்த மரபணுவில் தூய்மை என்றால் மரணம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிளாட்டே வெறும் நாய்க்காரர் இல்லை. 1904இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட இனச் சுகாதார இதழின் ஆரம்பகால ஆசிரியர்களில் ஒருவர். தீவிர யூத வெறுப்பாளர். மனிதக் கூட்டங்களைத் தரம் பிரித்து, கலப்பைத் தடுத்து, 'நல்ல' வாரிசுகளை மட்டும் பெருக்க வேண்டும் என்ற கருத்துக்கு விலங்கியல் பேராசிரியர் என்ற தன் மதிப்பைக் கொடுத்தவர். அந்தக் கருத்து அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஜெர்மனியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நமக்குத் தெரியும். கையில் இருந்த நாய்கள் ஒரு கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்க, அவற்றை வளர்த்தவர் வேறொரு கணக்கை நம்பிக்கொண்டிருந்தார்.

ஜேனாவின் பிலெட்டிஷ் அருங்காட்சியகத்தில் வம்சாவளிப் பதிவோடு முடியில்லா நாய்களின் பழைய மண்டையோடுகள் இருக்கின்றன. 2017இல் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட மண்டையோடுகளிலிருந்து, தொல்லெலும்புகளில் செய்வதைப் போல டி.என்.ஏ. பிரித்தெடுத்துப் பற்களையும் ஆராய்ந்தார்கள். நிரந்தரக் கோரைப்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் இல்லை. வெட்டுப்பற்களிலும் சில இல்லை. கடைவாய்ப்பற்கள் இருந்தன, ஆனால் அவற்றின் மேடுகளில் சில முளைக்கவே இல்லை. டார்வின் நாய்ப்பல்லைப் பற்றிச் சொன்னதன் முழு விவரம் எலும்பில் அப்படியே இருந்தது. அந்த டி.என்.ஏ.வில் என்ன தேடுவது என்பது மட்டும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியவந்திருந்தது.

ஏழு எழுத்துகள்

மெக்சிகோவின் ஷோலோயிட்ஸ்குயின்ட்லி நாயின் பெயரில் ஷோலோட்ல் என்ற அஸ்டெக் தெய்வமும், நாயைக் குறிக்கும் நஹுவாட்ல் மொழிச் சொல்லும் சேர்ந்திருக்கின்றன. ஆசையாகக் கூப்பிடுபவர்களுக்கு 'ஷோலோ'. பெரு நாட்டிலும் முடியில்லா நாய் உண்டு. அங்கே மோச்சே பண்பாட்டு மட்பாண்டங்களில் அதன் உருவத்தைப் பார்க்கலாம். 2001இல் பெரு அதைத் தேசிய மரபுச் செல்வமாகச் சட்டம் போட்டு அறிவித்தது. மூன்றாவது, சைனீஸ் க்ரெஸ்டெட்: தலையிலும் காலிலும் வாலிலும் மட்டும் கற்றையாக முடி. இதே நாய்க்கு உடம்பு முழுக்கப் பஞ்சுபோல் முடியோடு உடன்பிறப்புகளும் ஒரே ஈற்றில் பிறக்கும். மெண்டல் கணக்கின் அந்த நான்கில் ஒன்று.

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் டோசோ லீப் குழுவினர் 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த மூன்று இனங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. நாயின் 17ஆம் குரோமோசோமில், ஃபாக்ஸ்-ஐ-3 என்று இன்று அழைக்கப்படும் மரபணுவில், ஏழு டி.என்.ஏ. எழுத்துகள் இரண்டு முறை எழுதப்பட்டிருந்தன. அவ்வளவுதான். செல் இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. நடுவில் ஏழு எழுத்து கூடுதலாக வந்தால், ஏழு மூன்றால் வகுபடாது என்பதால், அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு மும்மையும் இடம் தப்பிப்போகும். ஒரு கோப்பை நிரல் வாசிக்கும்போது தொடக்கத்தில் ஒரே ஒரு பைட் தள்ளிப்போனால் மீதி முழுக்கக் குப்பையாகத் தெரியுமே, அதே கதைதான்.

மூன்று இனங்களிலும் அதே ஏழு எழுத்து, அதே இடத்தில். தனித்தனியாக மூன்று முறை இந்தப் பிழை நேர்ந்திருக்க வாய்ப்பில்லை. எங்கோ ஒரு காலத்தில் ஒரே ஒரு நாயிடம் நேர்ந்த மாற்றத்தை மனிதர்கள் விரும்பிக் காப்பாற்றி, கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோயிருக்கிறார்கள். காட்டில் அந்த நாய் அதிக நாள் தாங்கியிருக்காது. கோரைப்பல் இல்லாத வேட்டை விலங்கு என்ன செய்யும்? மனிதன் அதன் கதகதப்பை விரும்பினான், அதன் விநோதத்தை விரும்பினான், சோறு போட்டான். அதனால் பிழைத்தது. அந்த விருப்பத்தின் விலையாக, முடியில்லாத இரண்டு நாய்கள் சேரும் ஒவ்வொரு முறையும் கருக்களில் சராசரியாக நான்கில் ஒன்று இறக்கிறது.

முடி போனால் பல்லும் போயே ஆக வேண்டுமா? இல்லை என்பதற்கும் ஒரு நாய் இருக்கிறது. 1972இல் அமெரிக்காவின் லூசியானாவில் ட்ரௌட் என்ற ஊரில் சாதாரண ரேட் டெரியர் ஈற்று ஒன்றில் முடியில்லாத பெண்குட்டி பிறந்தது. ஜோசஃபின் என்று பெயர் வைத்தார்கள். அதன் வழிவந்ததுதான் அமெரிக்கன் ஹேர்லெஸ் டெரியர். இந்தக் குட்டிகள் மெல்லிய முடியோடு பிறந்து, சில வாரங்களில் அதை இழந்துவிடுகின்றன. பற்கள் முழுசாக இருக்கும். 2017இல் இதற்கான மாற்றம் எஸ்ஜிகே-3 என்ற வேறொரு மரபணுவில் இருப்பது தெரிந்தது. 2019இல் ஹெல்சின்கி ஆய்வாளர்கள் ஸ்காட்டிஷ் டீர்ஹவுண்ட் குட்டிகளிலும் அதே மரபணுவில் இன்னொரு மாற்றத்தைக் கண்டார்கள்.

இந்த வேறுபாடு முக்கியம். டெரியரில் கோளாறு முடியின் வளர்ச்சியில், கட்டி முடித்த வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைவதைப் போல. ஷோலோவில் கோளாறு அஸ்திவாரத்தில். கருவின் மேல்தோல் ஆரம்பத்தில் ஒரே மாதிரியான ஒரு படலம். அதில் ஆங்காங்கே செல்கள் கூடித் தடித்த சிறு திட்டுகள் தோன்றும். அடியில் உள்ள திசுவோடு ரசாயனச் சமிக்ஞைகளைக் கொடுத்து வாங்கி, ஒரு திட்டு முடியாகும், ஒன்று பல்லாகும், இன்னொன்று வேர்வைச் சுரப்பியாகும். நமக்கு மூன்றும் மூன்று பொருள்கள். கருவுக்கு அவை ஒரே வேலையின் மூன்று முடிவுகள். டார்வின் தேடிய பொதுத் துண்டு அந்தத் திட்டுதான்.

ஷெப்பர்டு குட்டிகள்

இதற்கிடையில் மனிதர்களின் பக்கத்தில் வேலை தனியாக நடந்துகொண்டிருந்தது. சிந்து ஆண்களின் நோய்க்கு மருத்துவத்தில் நீளமான ஒரு பெயர் வந்திருந்தது. தமிழில் சுருக்கமாகச் சொன்னால், வேர்வை குன்றிய புறத்தோல் வளர்ச்சிக் குறைபாடு. 1996இல் அதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது: ஈடிஏ. அது உண்டாக்கும் புரதம்தான் அந்தத் திட்டுகள் சரியாக வளர்வதற்கான சமிக்ஞைகளில் ஒன்று. 2013இல் ஹெல்சின்கியில் எலிக் கருக்களில் செய்த ஆய்வு, ஃபாக்ஸ்-ஐ-3 மரபணு ஈடிஏ சமிக்ஞையின் கட்டுப்பாட்டில் இயங்குவதைக் காட்டியது. சிந்து குடும்பமும் மெக்சிகோ நாயும் ஒரே சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளில் உடைந்திருந்தார்கள். டார்வின் அவர்களைப் பக்கத்தில் வைத்ததற்கு இப்போதுதான் ரசீது கிடைத்தது.

நோயைத் தெரிந்துகொள்வது ஒன்று, மாற்றுவது இன்னொன்று. ஈடிஏ பழுதான எலிகள் ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகளாக இருந்தன. 2003இல் ஸ்விட்சர்லாந்தில் கர்ப்பிணி எலிகளுக்கு அந்தப் புரதத்தைச் செலுத்தியபோது, பிறந்த குட்டிகளின் குறை நிரந்தரமாகச் சரியானது. ஆனால் எலிக்குப் பால்பல், நிரந்தரப்பல் என்று இரண்டு தொகுதி கிடையாது. மனிதக் குழந்தைகளைப் படுத்தும் சுவாசத் தொற்றுகளை ஆராயவும் இன்னும் நெருங்கிய ஒரு விலங்கு வேண்டியிருந்தது.

அது ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியாக வந்தது. நெற்றியிலும் இடுப்பின் மேலும் முடி இல்லை. பற்கள் சில இல்லை, இருப்பவை கூம்பு வடிவம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்க்ரெட் கஸால் குழுவினர் 1997இல் இதன் மரபுவழியை விவரித்தார்கள். 2005இல் பிழையின் இடம் தெரிந்தது: அதே ஈடிஏ, அதே எக்ஸ் குரோமோசோம். நாய்க்கு வேர்வைச் சுரப்பிகள் முக்கியமாக இருப்பது பாதத்தின் அடியில்தான். இந்த நாய்களுக்கு அங்கேயும் இல்லை. கண் காய்ந்தது. மூச்சுக்குழலில் சளிச் சுரப்பிகள் இல்லாததால் நிமோனியா வந்தது. 2007இல் பிறந்த குட்டிகளின் ரத்தநாளத்தில் ஈடிஏ புரதத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். நிரந்தரப் பற்கள் பெருமளவு சரியாக முளைத்தன. கண், சுவாசத் தொற்றுகள் குறைந்தன. பாதத்தில் வேர்த்தது.

இதை வாசிக்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் சங்கடமும் சேர்ந்தே வந்தன. இந்த நாய்கள் தற்செயலாக நோயோடு பிறந்தவை மட்டும் அல்ல. நோய் தொடர வேண்டும் என்பதற்காகவே வளர்க்கப்பட்டவை. ஷோலோவின் வழுக்கையை மனிதன் ரசித்துக் காப்பாற்றினான். இந்த ஷெப்பர்டுகளின் வழுக்கையைத் தேவைக்காகக் காப்பாற்றினான். இரண்டாவது காரணம் மேலானது என்று நான் நம்புகிறேன். ஆனால் நிமோனியா வந்த நாய்க்கு ரெண்டும் ஒன்றுதான்.

26ஆவது வாரம்

நாய்க்குட்டிகளின் வெற்றிக்குப் பிறகு மனிதக் குழந்தைகளுக்கும் அதே வழியில் முயன்றார்கள். இந்த நோயோடு பிறந்த ஆண்குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் புரதம் செலுத்தப்பட்டது. ஆபத்து எதுவும் வரவில்லை. எதிர்பார்த்த பலனும் வரவில்லை. மனிதக் குழந்தைக்கு வேர்வைச் சுரப்பிகள் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறந்த பிறகு சமிக்ஞை போய்ச் சேர்ந்தால் கேட்க ஆள் இல்லை. பஸ் போன பிறகு நிறுத்தத்துக்கு ஓடி வந்ததுபோல்தான்.

ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹோல்ம் ஷ்னைடர் என்ற குழந்தை மருத்துவரிடம் ஒரு தாய் வந்தார். மூத்த மகனுக்கு இந்த நோய். இப்போது வயிற்றில் இரட்டை ஆண்குழந்தைகள், இருவருக்கும் அதே நோய். முடிந்துபோன ஆய்வில் மிச்சமிருந்த மருந்தை, பிறக்கும் முன்பே கொடுக்க முடியுமா?

26ஆவது வாரத்திலும் 31ஆவது வாரத்திலும் கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீரில் ஊசி வழியாகப் புரதம் செலுத்தப்பட்டது. கரு அந்த நீரை விழுங்கும், குடல் வழியே புரதம் உடலுக்குள் போகும். இரட்டையர் 33ஆவது வாரத்தில் பிறந்தார்கள். இன்னொரு தாயின் கருவுக்கு 26ஆவது வாரத்தில் ஒரே ஒரு முறை கொடுக்கப்பட்டது; அந்தக் குழந்தை 39ஆவது வாரத்தில் பிறந்தது. 2018இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இந்த முடிவுகள் வெளியாயின. மூன்று குழந்தைகள் என்பது சிறிய எண்ணிக்கை. அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் மருத்துவ ஆய்வு பிறகு தொடங்கப்பட்டது.

1859 முதல் 2018 வரை இந்தக் கதையில் பலர் நாயைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். டார்வின் கேட்டது, ஏன் ரெண்டும் சேர்ந்தே வருகிறது என்று. பிளாட்டே கேட்டது, எத்தனைக்கு எத்தனை என்று. பெர்னில் கேட்டது, எந்த எழுத்து என்று. எல்லாம் நல்ல கேள்விகள். ஒன்று இல்லாமல் அடுத்தது வந்திருக்காது. ஆனால் நோயோடு வாழும் வீட்டுக்குள்ளிருந்து வந்த கேள்வி அந்தத் தாயுடையதுதான். அதே கேள்வி சிந்துவில் அந்தக் குடும்பத்துத் தாய்மார்களுக்கும் இருந்திருக்கும். தன் உடம்பில் தெரியாத ஒன்று தன் மகனிடம் தெரிகிறது, அடுத்தவனுக்கும் வருமா? அவர்களிடம் வந்தவர்கள் பல்லை எண்ணினார்கள். தலைமுறையை எண்ணினார்கள். அந்தப் பத்துப் பேரின் பெயர்கள்கூட டார்வினின் பக்கத்தில் இல்லை.

நம் மொழியில் வேர்வை என்றால் உழைப்பு. வேர்வை சிந்தினான் என்றால் பாடுபட்டான் என்று பொருள். எர்லாங்கன் மருத்துவர்களின் கட்டுரையில் அந்தச் சொல்லுக்கு அதைவிட அடிப்படையான ஒரு பொருள் கிடைக்கிறது. 14 முதல் 22 மாத வயது வரை கவனித்ததில், மூன்று குழந்தைகளுக்கும் மற்ற குழந்தைகளைப் போலவே வேர்த்தது.